எழுபத்தைந்து நாள் ரகம்

கொல்லையில் லீக் போட வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது மருந்து வேகத்தில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நெல் போடுவார்கள், உளுந்து போடுவார்கள், கொஞ்சம் அதிகம் படித்தவர்கள் தென்னையைப் போட்டுவிட்டு வெளியூர் போய்விடுவார்கள். லீக் போட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வெங்காயத்தாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும் அது. கீழே வெங்காயம் வைக்காது. வெள்ளைத் தண்டும் பச்சை மடலுமாக ஒரு முழம் நிற்கும். குளிர் நாட்டுக் காய்கறி, சூப்பில் போடுவார்கள். இவ்வளவும் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித் தெரிந்தவைதான்.

அண்ணனுக்கு அதைக் கையால் தெரியும். துபாயில் ஒரு பெரிய ஹோட்டல் சமையற்கட்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்தார். அதில் முதல் பதினோரு வருஷம் காய் வெட்டுகிற வேலை மட்டும். அட்டைப்பெட்டிகளில் விமானம் ஏறி வருகிற லீக்கை நீளவாக்கில் கீறி, மடலுக்கு மடல் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவி, வளையம் வளையமாக அரிந்து கொடுக்க வேண்டும்.

"அந்த மண்ணுதாண்டா," என்றார். "எந்த நாட்டு மண்ணோ, புட்டு மாவு கணக்கா பொலபொலன்னு, கருப்பா இருக்கும். அதக் கழுவிக் கழுவி சாக்கடைல விட்டேன். ஆனா அந்தச் செடி தரையில நிக்கிறத ஒரு தடவகூட பாத்ததில்ல. பாக்கணும். நம்ம மண்ணுலேர்ந்து ஒண்ணப் புடுங்கித் திங்கணும்."

"சென்னையில கிடைக்கும்ணே. சொன்னா நாளைக்கே பஸ்ல போட்டு அனுப்பிடுவாங்க."

"பெட்டியில வர்றதப் பாத்தாச்சுங்கறேன்."

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் பழைய சோறும் மாவடுவும் கேட்பார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எதுவும் படித்தபடி நடப்பதில்லை.

அண்ணனுக்கு வந்திருந்தது வயிற்றில் புற்று. ஆவணி மாதக் கடைசியில் தஞ்சாவூரில் டாக்டர் என்னையும் அண்ணியையும் தனியாகக் கூப்பிட்டு, "நாலு மாசம். நல்லாப் போனா அஞ்சு" என்றார். நாங்கள் இருவரும் வெளியே வந்து, தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, அண்ணனிடம் வயிற்றுப்புண் என்று சொல்வதாக முடிவு செய்தோம். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். டீக்கடைக்காரருக்குத் தெரியும், சலூன்காரருக்குத் தெரியும், கும்பகோணத்தில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். நோயாளிக்கு மட்டும் புண்.

"புண்ணா?" என்றார் அண்ணன். "அப்ப காரம் ஆகாது."

"ஆமாண்ணே."

"சரி."

அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. மனிதர் வெள்ளந்தி, நம்பிவிட்டார் என்று நானும் அண்ணியும் பேசிக்கொண்டோம். அப்படிப் பேசிக்கொள்வது வசதியாக இருந்தது.

போனில் தேடி மூன்று விதமான விதை வரவழைத்தேன். புரட்டாசி முடிகிற சமயத்தில் கூரியரில் வந்தன. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வாயில் நுழையாத ஒரு பெயர், ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு எண். எண்களைப் பார்த்ததும் எனக்குள் இருந்த விவசாயி எழுந்து உட்கார்ந்துகொண்டான். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். என் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். ஆனாலும் டெல்டாவில் பிறந்தவனுக்கு விதை என்றால் முதலில் நாள்தான். ரகத்தின் பெயர் மறந்துபோகும், நாள் மறக்காது. நூற்றுப்பத்து நாள் என்றால் குறுவை, நூற்றைம்பது என்றால் சம்பா. எங்கள் ஊரில் சொந்தப் பிள்ளையின் வயதைத் தப்பாகச் சொல்கிறவர்கள்கூட நெல்லின் வயதைத் தப்பாகச் சொல்வதில்லை. ஆகவே இந்த மூன்றுக்கும் நாளையே பெயராக வைத்தேன்: எழுபத்தைந்து, நூற்றுப்பத்து, நூற்றைம்பது.

மூன்றையும் அண்ணனின் கட்டிலில் பரப்பினேன். அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களைப் பார்த்தார்.

"இதாண்டா சரக்கு," என்று நூற்றைம்பதைத் தட்டினார். "எல பாரு, நீலம் பாஞ்ச மாதிரி இருக்கு. குளிர்காலத்துல வரும், மணிக்கட்டு கனம். ஒண்ண வெட்டினா ஒரு சட்டி சூப்பு. இது" என்று எழுபத்தைந்தைக் காட்டினார், "அவசரக்குடுக்க. சீக்கிரம் வந்துரும். தண்டு ஒல்லி, எல வெளுப்பு, மணம் கம்மி. எங்க தலைமைச் சமையக்காரரு இதப் பாத்தா பெட்டியத் திருப்பி அனுப்பிருவாரு."

"அப்ப நூத்தம்பதையே விதைச்சிடுவோம்ணே."

அவர் மூன்று பாக்கெட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு எழுபத்தைந்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத விதை."

"இது மணம் கம்மின்னீங்களே?"

"பரவால்ல. புண்ணுக்கு மணம் எதுக்கு?"

அண்ணி கிண்ணத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விதையின் எடையைப் பார்ப்பவன்போல ஆட்டிக்கொண்டிருந்தேன். விரல் விட்டு எண்ணினால் நூற்றைம்பது நாள் பங்குனிக்குப் போகிறது. எழுபத்தைந்து மார்கழிக்கு வந்துவிடுகிறது. அவரும் எண்ணியிருக்கிறார். அதை நான் புரிந்துகொண்டேன், புரிந்துகொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டேன். இதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். படித்தவர்களிடம் அது நிறைய உண்டு.

விதை கருஞ்சீரகம் மாதிரி இருந்தது. வெயிலில் வைத்தால் முளைக்காது, குளிர்ச்சி வேண்டும் என்று எங்கோ போட்டிருந்தது. வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான், அண்ணன் படுத்திருந்த ஏசி அறை. ஆகவே அவர் கட்டிலுக்கு அடியிலேயே நாற்றுத்தட்டுகளை வைத்தோம். தேங்காய் நார்த்தூளும் எருவும் கலந்து, ஒரு குழிக்கு இரண்டு விதை. பார்க்க வந்த உறவுக்காரர்கள் கட்டிலுக்கு அடியில் என்னவோ இருப்பதைக் கண்டு, பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு செருப்பைத் தள்ளிக் கழற்றினார்கள்.

பதினோராம் நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டார். "டேய், முழங்கால மடக்கிக்கிட்டு மொளச்சிருக்காண்டா!"

குனிந்து பார்த்தேன். ஊசி மாதிரி ஒவ்வொன்றும் பாதியில் வளைந்து, தலை இன்னும் மண்ணுக்குள்ளேயே இருந்தது. அவர் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றை அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "புண்ணுதானடா, அழுத்தட்டும்" என்றார்.

முளைத்தபின் தட்டுகளைக் கொல்லைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனோம். ஐப்பசி மழை, பிறகு கார்த்திகையில் ஒரு புயல் மழை. வயலெல்லாம் சம்பா கழுத்துவரை தண்ணீரில் நின்றது. ஒவ்வொரு மழைக்கும் தட்டுகளை உள்ளே தூக்குவதும் வெயில் அடித்தால் வெளியே தூக்குவதும் என் வேலை. அவை வளர்ந்தன என்று சொல்ல எனக்கு ஆசை. நாற்பதாம் நாள் அவை நரைத்துப்போன பெரியவரின் மீசை முடி போல இருந்தன. பச்சை நிறம் ஒன்றுதான் வித்தியாசம். ஐம்பதாம் நாளும் கிட்டத்தட்ட அப்படியே.

"எத்தன நாளாச்சு?" என்று அண்ணன் தினம் கேட்பார். அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார்.

"அம்பத்திரண்டுண்ணே. கடைசியில ஒரேயடியாப் பருக்கும் போல."

"இருபத்திமூணு நாள்ல இது மணிக்கட்டு கனம் ஆவுமா?"

"இது ஒல்லி ரகம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒல்லின்னேன். மயிருன்னு சொல்லல."

அறுபதாம் நாள் மழை விட்டது. நட்டுவிடலாம் என்று தீர்மானித்து, எங்கள் வயலில் நடவுக்கு வருகிற அம்மாவைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும், அந்த வட்டாரத்தில் அவர் கைபடாத வயல் இல்லை. அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கொல்லைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தோம். இடுப்பில் வேட்டி நிற்காததால் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

அந்த அம்மா நாற்றைக் கையில் எடுத்ததும், யாரும் சொல்லாமலே நுனியைக் கிள்ளி எறிந்தார். முற்றிய நெல் நாற்றுக்குச் செய்வது அது. லீக்குக்கும் அப்படித்தான் செய்ய வேண்டுமாம், அண்ணன் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் அடுத்ததில் சண்டை வந்துவிட்டது.

"ஆழமா வையிங்க," என்றார் அண்ணன். "ஒரு சாண் குழி. உள்ள போட்டு தண்ணிய ஊத்தினாப் போதும், மண்ணத் தள்ள வேணாம்."

"ஒரு சாணா? பொதைக்கிறதுக்கா நடுறதுக்காண்ணே?"

"நடத்தான்."

"ஆழ வெச்சா தூர் வெடிக்காதுண்ணே. மேலாக்க வெச்சாத்தான் பத்துத் தூர் கட்டும்."

"இது தூரே கட்டக் கூடாதும்மா. ஒத்தைக்கு ஒத்தை. மண்ணுக்குள்ள இருக்கிற அளவுக்குத்தான் வெள்ளத்தண்டு."

"ஒண்ணப் போட்டு ஒண்ண எடுக்கிறதுக்கு எதுக்குண்ணே வெவசாயம்? நட்டதையே எடுத்துத் தின்னுட்டுப் போவலாமே."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வேறொன்றாகி, நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா திரும்பி நின்று கம்பால் ஆழமாகக் குழி போட ஆரம்பித்தார். அதன் பிறகு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அவருக்கும் தெரியும்.

நூற்றிருபது நாற்று நட்டு முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. அண்ணி பார்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணன் பாக்கெட்டைக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல், கையை நீட்டிப் பிடித்து, பின்பக்கத்தைப் படித்தார். நான் முன்பக்கத்தோடு நின்றுவிட்டவன். பின்பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. நட்சத்திரத்துக்கு விளக்கம் அடியில், எறும்பு எழுத்தில்.

"தம்பி."

"என்னண்ணே."

"நட்ட நாள்லேர்ந்து போட்டிருக்காண்டா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நெல்லுக்கு விதைத்த அன்றே வயது தொடங்குகிறது. நாற்றங்காலில் இருக்கிற நாளும் சேர்ந்துதான் நூற்றுப்பத்து. உலகத்தில் வேறு விதமாக எண்ணுகிறவர்கள் இருப்பார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. வெளிநாட்டுக் காய்கறிக்காரர்களுக்கு நாற்று வயது கணக்கிலேயே இல்லையாம். அவர்களுக்கு அன்றைக்குத்தான் முதல் நாள். இதுவரை போன அறுபது நாளும் எதிலும் சேரவில்லை.

நிலையாமையைப் பற்றிப் பத்திரிகைகளில் நான் நாலைந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பாராட்டிக் கடிதம்கூட வந்திருக்கிறது. ஒரு விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரியவில்லை.

மூன்று பேரும் அதே கூட்டலைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்: மார்கழி, தை, மாசியில் பாதி. அண்ணிதான் முதலில் முடித்தாள் போல. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

அண்ணன் பாக்கெட்டை மடித்தார். "அப்ப டாக்டர் சொன்ன நாளு எதுலேர்ந்துடா? வெதச்ச நாள்லேர்ந்தா, நட்ட நாள்லேர்ந்தா?"

அவ்வளவுதான். புண் அன்றோடு முடிந்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "எப்போலேர்ந்து தெரியும்ணே?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாத கேள்வி.

"தண்ணி மெஷின்கிட்ட நின்னு நீங்க ரெண்டு பேரும் சதி பண்ணீங்களே, அந்தக் கண்ணாடிக் கதவு வழியா உன் மூஞ்சி தெரிஞ்சுது. உனக்குப் பொய் சொல்ல வராதுடா. எழுதத்தான் வரும்."

அதன் பிறகு தினமும் காலையில் அவரைக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். பாத்தி ஓரத்தில் நாற்காலி. கேட்டதில் பாதி அவருக்குக் கிடைத்தது. செடி தரையில் நிற்பதைப் பார்த்தார். வெள்ளைத்தண்டு நீள மண் அணைக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை போடுவார், நான் மண்வெட்டியோடு குனிந்தால், "பாத்துடா, வேரு! நூலகத்துல புத்தகத்த இப்படித்தான் அடுக்குவியா?" என்பார். மார்கழி போனது. பொங்கலன்று அரை டம்ளர் கரும்புச் சாறு கேட்டு, இரண்டு வாய் குடித்தார். தை நடுவில் கஞ்சியும் வடிகட்டித்தான் கொடுக்க முடிந்தது. கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது.

லீக்குகள் அப்போது பென்சில் கனம் இருந்தன.

ஒரு காலை அவர் சொன்னார்: "ஒரு அஞ்சாறு புடுங்கேண்டா. இன்னிக்கு வாய் கொஞ்சம் நல்லாருக்கு. எப்பிடிப் பண்ணணும்னு அண்ணிகிட்ட சொல்லித் தர்றேன்."

சுற்றிலும் சம்பா அறுவடை. வரப்புக்கு அந்தப் பக்கம் அறுவடை மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நான் செடிகளைப் பார்த்தேன். நட்டு நாற்பத்தைந்து நாள்கூட ஆகவில்லை.

"இன்னும் ஒரு பத்து நாள் போவட்டும்ணே. பச்சையில யாராவது அறுப்பாங்களா? பாலு பிடிக்க வேணாமா?"

"இது நெல்லாடா? பாலாவது கதிராவது. பென்சில் கனத்துலயும் திங்கலாம், ஒலக்கை கனத்துலயும் திங்கலாம். நான் வெட்டினவன் சொல்றேன்."

"அதுக்கில்லண்ணே. இவ்வளவு பாடுபட்டு அரைகுறையாப் புடுங்குவானேன்? பத்தே நாள்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் எதைத் தள்ளிப்போடுகிறேன் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. இப்போதே பிடுங்கினால் இனி நாள் இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்த ஒப்புதலைக் கொடுக்கப் பயந்து அவரைப் பட்டினி போட்டேன். அன்றைக்கு அதற்கு விவசாய அறிவு என்று பெயர் வைத்திருந்தேன்.

"சரி," என்றார். புண்ணுக்குச் சொன்ன அதே "சரி".

அண்ணி மட்டும் பின்னால் வந்து, "ரெண்டு புடுங்கினா என்ன தம்பி? கேக்கிறாரே" என்றாள்.

"பத்து நாள் அண்ணி" என்றேன், அவளிடமும்.

மறுநாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் மத்தியானம், நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. என் பத்து நாளில் ஐந்து மிச்சம்.

பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில் அன்றைக்குச் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பார்கள். சிலர் பிராந்தி வைப்பார்கள், சிலர் பீடிக்கட்டு வைப்பார்கள். சமையல்காரர் எழுதிக்கொள்ளக் கேட்டார்: "அண்ணனுக்கு என்ன புடிக்குங்க?" அத்தை சேனைக்கிழங்கு என்றார். சித்தப்பா மொச்சைக்கொட்டை என்றார்.

அண்ணி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொல்லைக்குப் போனாள். நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்தியின் ஓரத்தில் குந்தி, ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பதினாறு நாளில் பெரிதாக ஒன்றும் கனத்துவிடவில்லை. சுண்டுவிரல் அளவு இருக்கும். ஆழ நட்டதால் தண்டு ஒரு சாண் வெள்ளையாக வந்தது. களிமண் ஒட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் மடல் பிரித்துக் கழுவினாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போய், நாலு உருளைக்கிழங்கோடு வெண்ணெயில் வதக்கி, வேகவைத்து மசித்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள், பேச்சு இருந்தவரை, அதைத்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

இலையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் சூப்பு வைத்தோம். சாம்பிராணிப் புகையில் அது கொஞ்சம் சங்கடப்பட்டு நின்றது.

படைத்து முடித்து, கும்பிட்டு எழுந்தபின் படையலை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு ஒறப்பு ஒண்ணுங் காணும், சீக்காளிச் சாப்பாடுல்ல இது" என்றார். அத்தை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அண்ணி டம்ளரை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலாக எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

வாங்கிக் குடித்தேன். மணம் கம்மி என்று அவர் சொன்னது சரியில்லை. நன்றாகத்தான் இருந்தது.